கடைக்கு ஏஐ ஏஜென்ட் அமைத்துத் தரும் சேவை: முதலில் டூல் குறிப்பைக் காட்டச் சொல்லுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசாரை ஒட்டி, என் மாமாவின் மசாலா மொத்த வியாபாரக் கடை இருக்கிறது. கணக்கு, கணினி, ஆர்டர் மூன்றும் என் பொறுப்பு. சரக்குப் பட்டியலையும் பழைய ஆர்டர்களையும் தேடிப் பதில் சொல்ல ஓர் ஏஐ ஏஜென்ட் அமைத்துத் தரும் சேவையை எடுத்திருக்கிறோம். செய்து கொடுத்தவர்கள் பாயான் லெப்பாஸ் பக்கம் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சின்னக் குழு. குறைகளையும் எழுதப் போகிறேன், அதனால் பெயரைச் சொல்லவில்லை. இங்கேயும் கோலாலம்பூரிலும் இதே சேவையைப் பலர் விற்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் இதில் சொல்வது பொருந்தும்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்தது நல்லதுதான், புதுப்பித்தும் விட்டோம். 5-க்கு 4 கொடுப்பேன். ஆனால் இந்தச் சேவையில் விலைமதிப்புள்ள பகுதி எது என்று விற்பவர்களும் சொல்வதில்லை, வாங்குபவர்களும் கேட்பதில்லை. ஏஜென்டுக்கு மூளையாக ஓடும் மொழி மாடல் எல்லாருக்கும் ஒன்றுதான், காசு கட்டினால் யாருக்கும் கிடைக்கும். எங்கள் தரவு இருக்கும் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் 2010-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் இறக்கி ஓட்டலாம். நம் கடைக்கென்று தனியாகச் செய்யப்படுவது, ஒவ்வொரு டூலுக்கும் (ஏஜென்ட் தேடவும் எண்ணவும் எடுத்துக்கொள்ளும் கருவி) எழுதும் விளக்கக் குறிப்பு. அது சரியாக இருந்தால் ஏஜென்ட் வேலைக்கு ஆகும். இல்லையென்றால் தப்பான விலையை நல்ல தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் நாசி கண்டார் (சோறும் கறிகளும்) கடைக்காரர்கள், கேட்டரிங் செய்பவர்கள், அப்புறம் கெடா, பெர்லிஸ் பக்கத்து மளிகைக் கடைகள். அவர்கள் தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்பார்கள், நம் பணியாளர்கள் ஏஜென்டிடம் கேட்டுப் பதில் சொல்வார்கள். வாடிக்கையாளர் நேரடியாக ஏஜென்டிடம் பேச நான் விடவில்லை. குழு அதையும் சேர்த்து விற்கப் பார்த்தது. விலை சம்பந்தப்பட்ட விஷயத்தில் நடுவில் ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்று மாமாவும் சொல்லிவிட்டார்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொன்னால்தான் பிறகு வருவது புரியும். ஏஜென்ட் நம் டேட்டாபேஸைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிவது ஒரு டூல் பட்டியல் மட்டும். எங்களுக்கு அமைத்தது எம்சிபி முறையில். ஏஜென்டை டூல்களோடு இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட பொது நெறிமுறை அது. அதில் ஒரு டூல் என்றால் முக்கியமாக மூன்று விஷயம்: பெயர், விளக்கக் குறிப்பு, என்னென்ன உள்ளீடு கொடுக்க வேண்டும் என்று ஜேசான் என்ற தரவு வடிவத்தில் எழுதிய விவரம். பணியாளர் ஒரு கேள்வி கேட்டதும், மாடல் இந்த மூன்றையும் படித்துப் பார்த்து எந்த டூலை எடுப்பது, அதற்கு என்ன சொல்லைக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. எந்த ஃபீல்டில் (பட்டியலில் ஒரு விவரத்துக்கான இடம்) பாதி காலியாக இருக்கிறது, விலை எந்த அளவுக்கு, எங்கள் கடையில் எந்தப் பொருளை எந்தப் பெயரில் ஏற்றியிருக்கிறோம் என்பதெல்லாம் எழுதிச் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

முதல் பதிப்பில் சரக்கு தேடும் டூலுக்கு இருந்த குறிப்பு ஒரே வரி: "சரக்குகளைத் தேடும்." உள்ளீட்டுக்கு ஒரு வார்த்தை: "தேடல்." அவ்வளவுதான். குழு எங்கள் முன்னால் செய்து காட்டியபோது அதுவே போதுமானதாகத் தெரிந்தது, ஏனென்றால் அவர்கள் கேட்டுக் காட்டிய கேள்விகளெல்லாம் பட்டியலில் உள்ள பெயரை அப்படியே சொல்லிக் கேட்டவை. கடையில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

முதலில் மாட்டியது சோம்பு. ஒரு நாசி கண்டார் கடையிலிருந்து அதை மலாய்ப் பெயரில், ஜிந்தான் மானிஸ் 5 கிலோ என்று கேட்டார்கள். நம் பையன் அதே சொல்லை ஏஜென்டிடம் போட்டான். அது பட்டையின் விலையைச் சொன்னது, கூடவே "கையிருப்பு உள்ளது" என்றும் சேர்த்துச் சொன்னது. பையன் இந்தத் தொழிலில் பழகியவன், விலையைப் பார்த்ததுமே ஏதோ சரியில்லை என்று என்னிடம் வந்துவிட்டான்.

காரணத்தைத் தோண்டினால் இதுதான். எங்கள் பட்டியலில் சோம்பு சில பிராண்டுகளுக்கு "சோம்பு" என்றும் சிலவற்றுக்குப் "பெருஞ்சீரகம்" என்றும் ஏறியிருக்கிறது. மலாய்ப் பெயருக்கான ஃபீல்டு பாதிக்கு மேல் காலி. பட்டைக்கு மட்டும் "காயு மானிஸ்" என்ற மலாய்ப் பெயர் ஒழுங்காக இருந்தது. எலாஸ்டிக்சர்ச்சின் மேட்ச் தேடலில் இரண்டு சொல் கொடுத்தால், நாம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினாலே அந்தப் பதிவு வந்துவிடும். "மானிஸ்" பொருந்தியது, பட்டை வந்தது. எலாஸ்டிக்சர்ச் செய்ததில் தவறில்லை. ஏஜென்டுக்கும் சந்தேகப்படக் காரணமில்லை: தேடியது, ஒரு பொருள் வந்தது, அதன் விலையைச் சொன்னது. இந்தப் பட்டியலில் மலாய்ப் பெயரை நம்பக் கூடாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லையே.

குழுவிலிருந்து வந்த தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, இதைவிடப் பெரிய மாடலுக்கு மாத்திப் பார்க்கலாம்" என்றார். மாதக் கட்டணம் கூடும். "மாடல் அப்புறம் இருக்கட்டும் தம்பி, அந்த டூல் குறிப்பை முதலில் காட்டுங்க" என்றேன். திரையில் அந்த ஒரு வரி. இருபது வருடம் மசாலா விற்ற ஆளிடம் இந்த ஒரு வரியை மட்டும் கொடுத்து எங்கள் கணினியில் உட்கார வைத்தாலும் சோம்பைக் கண்டுபிடிக்க முடியாது. அதைச் சொன்னதும் அவருக்கும் புரிந்தது. அந்த மதியமே கடைக்கு வந்து பணியாளர்களுடன் உட்கார்ந்து எழுதினார். இந்தச் சேவையில் நான் காசு கொடுத்த வேலை என்று மனப்பூர்வமாகச் சொல்வது அதைத்தான்.

அன்று எழுதிய குறிப்பைத் தமிழில் தருகிறேன். இப்போது இருப்பது இதைவிடச் சின்னது, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"கடையின் சரக்குப் பட்டியலில் பொருளைப் பெயரால் தேடும். பெயர், பிராண்டு, பாக்கெட் அளவு, ஒரு பாக்கெட்டின் விலை ஆகியவற்றைத் தரும். கையிருப்பு இதில் இல்லை. அதற்கு 'இருப்பு பார்' டூலை எடுக்கவும். சரக்கு எண் தெரிந்தால் இந்த டூல் வேண்டாம், 'எண்ணால் எடு' டூலை எடுக்கவும். பெயர்கள் பெரும்பாலும் தமிழிலோ, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழிலோ இருக்கும். பல பொருள்களுக்கு மலாய்ப் பெயர் இல்லை. மலாய்ப் பெயரில் கேட்டால் அதன் தமிழ்ப் பெயரையும் சேர்த்துத் தேடவும். ஜிந்தான் மானிஸ் என்றால் சோம்பு அல்லது பெருஞ்சீரகம், ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், ஜிந்தான் ஹீத்தாம் என்றால் கருஞ்சீரகம். வெறும் 'ஜிந்தான்' என்று கேட்டால் எது என்று திருப்பிக் கேட்கவும். முழு வாக்கியத்தைத் தேடலில் போட வேண்டாம். 'மல்லித்தூளுக்கு என்ன விலை' என்று கேட்டால் 'மல்லித்தூள்' என்று மட்டும் கொடுக்கவும். ஒரு தேடலுக்கு முதல் 10 பொருள்கள் மட்டும் வரும். மொத்தம் எத்தனை என்பது 'மொத்தம்' என்ற இடத்தில் இருக்கும்."

இதில் ஒவ்வொரு வரியும் கடையில் நடந்த ஒன்றிலிருந்து வந்தது. கையிருப்பு பற்றிய வரியை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்குப் பட்டியலில் "இருப்பு" என்று ஒரு பழைய ஃபீல்டு இருந்தது. முன்பு வைத்திருந்த மென்பொருளிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது, யாரும் அதைப் புதுப்பிப்பதில்லை. ஏஜென்ட் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பட்டை இருக்கிறது என்று சொன்னது. இரண்டு டூல்கள் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவது மாதிரித் தெரிந்தால் மாடல் முதலில் கைக்கு எட்டியதை எடுத்துவிடுகிறது. அதனால் "இதை எப்போது எடுக்க வேண்டும்" என்று எழுதுவது பாதி வேலைதான். "எப்போது எடுக்கக் கூடாது, அப்போது எதை எடுக்க வேண்டும்" என்று எழுதினால்தான் முழுசாகும். (அந்தப் பழைய ஃபீல்டைப் பதிலில் வராமலே நிறுத்தச் சொன்னேன். செய்தார்கள்.)

சரக்கு எண் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. குழு அர்த்தத்தை வைத்துத் தேடுவது, சொல்லை வைத்துத் தேடுவது என இரண்டையும் கலந்த தேடல் போட்டிருந்தது. "கறிக்கு வாசனையா ஏதாவது முழு மசாலா" என்று கேட்டால் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்கு நெருக்கமாகத் தெரிகிற வேறு எண்களையும் கொண்டுவந்து நிறுத்தும். எண் என்றால் ஒன்று அதுவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இல்லை என்று வர வேண்டும். அதற்குத் தனி டூல் வைத்தது சரியான முடிவு.

'மல்லித்தூளுக்கு' என்பதில் உள்ள 'க்கு' மாதிரி வேற்றுமை உருபை எடுத்துவிட்டு 'மல்லித்தூள்' என்று மட்டும் கொடுக்கச் சொல்லும் வரி தமிழில் கேட்கிற எல்லாக் கடைக்கும் தேவைப்படும். நாம் "சீரகம்" என்று தனியாகக் கேட்பது அபூர்வம். "சீரகத்துக்கு", "சீரகத்தோட", "சீரகம்லாம் வந்துச்சா" என்றுதான் கேட்கிறோம். எங்கள் தேடலுக்கு "சீரகத்துக்கு" என்பதும் "சீரகம்" என்பதும் வேறு வேறு சொல். மாடலுக்குத் தமிழ் தெரியும், உருபை எடுக்கச் சொன்னால் அழகாக எடுத்துவிடும். சொல்லாவிட்டால் கேட்டதை அப்படியே தள்ளிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்து பழகிய குழுவுக்கு இது தோன்றாது. எங்கள் குழுவுக்கும் தோன்றவில்லை, கடைப் பெண் ஒருத்திதான் கேட்ட கேள்விகளை வரிசையாகப் படித்துப் பார்த்துச் சொன்னாள்.

10 பொருள் பற்றிய வரி சாதாரணமாகத் தெரியும். ஆனால் அது இல்லாதபோது, "நம்மகிட்ட எத்தனை வகை மிளகாய்த்தூள் இருக்கு" என்று கேட்டால் ஏஜென்ட் தயங்காமல் "10 வகை" என்றது. டூல் திருப்பித் தந்தது 10, அதனால் இருப்பது 10. பெரிய தரவு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எலாஸ்டிக்சர்ச் மொத்த எண்ணிக்கையை இயல்பாக 10,000 வரைதான் துல்லியமாக எண்ணும், அதற்கு மேல் போனால் "10,000 அல்லது அதற்கு மேல்" என்று நின்றுவிடும். ஆர்டர் வரிகளைத் தேடும் டூலில் எங்களுக்கு இது வந்தது. முழு எண்ணிக்கை வேண்டுமென்றால் அதற்கென்று எண்ணும் டூலைப் பயன்படுத்தச் சொல்லி அந்தக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தோம்.

இனி, குழுவின் திறமையை நான் மனதாரப் பாராட்டும் இடம். குறிப்பில் எதை எழுதக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அல்லது சீக்கிரம் தெரிந்துகொண்டார்கள்.

தேதி விஷயம் அப்படி. இங்கே பல நாசி கண்டார் கடைகள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. கடை முதலாளிகள் நள்ளிரவு தாண்டித்தான் சமையலறையைப் பார்த்துவிட்டு ஆர்டர் அனுப்புவார்கள். எலாஸ்டிக்சர்ச் தேதிகளை உள்ளே யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொள்கிறது. மலேசியா அதைவிட 8 மணி நேரம் முன்னால். ஆக நள்ளிரவு 12-இலிருந்து காலை 8 வரை வருகிற ஆர்டர்கள் யூடிசி கணக்கில் முந்தைய நாளில் விழும். "நேத்து மொத்தம் எத்தனை ஆர்டர்" என்று மாமா கேட்டால் வருகிற பதில் எங்கள் கைக்கணக்கோடு ஒத்துப்போகவே இல்லை.

முதலில் குறிப்பில் எழுதிப் பார்த்தார்கள்: "தேதியைக் கொடுக்கும் முன் 8 மணி நேரம் கழித்து யூடிசிக்கு மாற்றவும்." மாடல் சில நேரம் கழித்தது, சில நேரம் கூட்டியது, சில நேரம் ஒன்றும் செய்யாமல் விட்டது. பிறகு அந்த வரியையே தூக்கிவிட்டார்கள். இப்போது டூல் வாங்குவது வெறும் நாள் மட்டும், ஆண்டு-மாதம்-நாள் என்ற வடிவில். தேடலை அனுப்பும் நிரலே "+08:00" என்று நேர மண்டலத்தைச் சேர்த்துவிடுகிறது. குறிப்பில் மிச்சம் இருப்பது "மலேசிய நாள்" என்ற இரண்டு சொல். கணக்கு சரியாகிவிட்டது.

இதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. குறிப்பில் ஒரு கட்டளை தென்பட்டால், இதை நிரல் செய்ய முடியாதா என்று கேட்பேன். செய்ய முடியும் என்றால் அது மாடலின் தலையில் இருக்கக் கூடாது. விலையை நாங்கள் சென்னில் முழு எண்ணாக வைத்திருந்தோம், 1850 என்றால் 18 ரிங்கிட் 50 சென். "100-ஆல் வகுக்கவும்" என்று குறிப்பில் எழுதப் போனார்கள். நான் விடவில்லை. டூலே "RM" குறியோடு, பாக்கெட் அளவையும் சேர்த்துத் திருப்பித் தரட்டும் என்றேன். தமிழ் எழுத்துகளிலும் இதே கதை. "கொ" என்பதை க-வோடு ஒரே ஒகரக் குறியாகவும் கணினியில் சேமிக்கலாம், கெ-யும் கால்குறியும் சேர்ந்த இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காது. பழைய விசைப்பலகை மென்பொருளில் ஏற்றிய பதிவுகளில் எங்களுக்கு இப்படிச் சில கொத்தமல்லிகள் இருந்தன. எலாஸ்டிக்சர்ச்சுக்கு ஐசியு என்று ஒரு நீட்சி இருக்கிறது, அது எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். போட்டார்கள், முடிந்தது. மாடலுக்கு இதைப் பற்றி ஒரு சொல்லும் தேவையில்லை.

மலாய்ப் பெயர்களும் பிறகு அப்படித்தான் இடம் மாறின. கெதும்பார் என்றால் கொத்தமல்லி, ஹல்பா என்றால் வெந்தயம், பூவா பெலாகா என்றால் ஏலக்காய் என்று பணியாளர்கள் ஒரு பட்டியல் எழுதித் தந்தார்கள். அதை எலாஸ்டிக்சர்ச்சின் இணைச்சொல் பட்டியலில் ஏற்றிவிட்டோம். குறிப்பில் ஜிந்தான் மட்டும் நிற்கிறது, ஏனென்றால் அங்கே எது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எந்த ஜிந்தான் என்று வாடிக்கையாளரிடம் கேட்பது நிரலால் ஆகிற காரியம் இல்லை.

உள்ளீடுகளுக்கும் தனித்தனியாகக் குறிப்பு எழுதலாம். பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அஞ்சல் குறியீட்டில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கங்கார் 01000, அலோர் ஸ்டார் 05000. வாடிக்கையாளர் தேடும் டூலில் அதை எண் வகையாக வைத்திருந்தார்கள். எண் என்றால் முன்னால் உள்ள சுழியம் நிற்காது, 05000 போய் 5000 ஆகிவிடும். அந்த ஃபீல்டு எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் பதிவைத் தரும். அலோர் ஸ்டாருக்கு லோரி போகிற நாளில், அங்கே யார் யாருக்குச் சரக்கு இறக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் பகுதியில் வாடிக்கையாளர் யாரும் இல்லை என்று பதில். எங்களுடைய பழைய வாடிக்கையாளர்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்! இப்போது அது எழுத்து வகை, பக்கத்தில் குறிப்பு: "5 இலக்கம், முன்னால் உள்ள சுழியத்தையும் சேர்த்து. எடுத்துக்காட்டு: 05000." ஒரு நல்ல எடுத்துக்காட்டு மூன்று வரி விளக்கத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. மாநிலத்துக்கும் அப்படியே, விரும்பியதை எழுத விடாமல் இந்தப் பட்டியலில் ஒன்றைத்தான் கொடுக்கலாம் என்று கட்டிவிட்டார்கள். "பினாங்கு", "புலாவ் பினாங்", "பிஜி" என்று விதவிதமாக வந்துகொண்டிருந்தது நின்றது.

டூல் ஒன்றும் கிடைக்காதபோது என்ன திருப்பித் தருகிறது என்பதையும் நான் குறிப்பின் பகுதியாகவே எண்ணுகிறேன். முதலில் வெறும் காலிப் பட்டியல் வந்தது. காலி என்றால் ஏஜென்ட் "நம்மிடம் இல்லை" என்று முடித்துவிடும். கடையில் அந்த ஒரு பதிலால் ஆர்டர் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். இப்போது காலியாக இருந்தால் டூல் சொல்கிறது: "இந்தப் பெயரில் எதுவும் பொருந்தவில்லை. சரக்கு இல்லை என்று அர்த்தமல்ல. தமிழ்ப் பெயரிலோ வேறு எழுத்துக்கூட்டலிலோ ஒருமுறை தேடவும். அப்போதும் இல்லையென்றால் பணியாளரைக் கடையில் நேரில் பார்க்கச் சொல்லவும்." மாடல் இதைப் படித்து அப்படியே செய்கிறது. எனக்குப் பிடித்த மாற்றங்களில் இது முதலாவது.

குறைகளுக்கு வருகிறேன்.

நடுவில் ஒரு கட்டத்தில் குழு ஒரு தவறான வழியில் போனது. ஏதாவது ஒன்று தப்பாகப் போனால் உடனே குறிப்பின் அடியில் ஒரு விதி சேர்த்துவிடுவார்கள். "கட்டாயம்", "ஒருபோதும்", "மிக முக்கியம்" என்று. சரக்கு தேடும் டூலின் குறிப்பு ஒரு பக்கத்துக்கு வளர்ந்துவிட்டது. ஜிந்தானுக்குத் திருப்பிக் கேள் என்று எழுதியதைப் பெரிய எழுத்தில் அழுத்திப் போட்டதும், ஏஜென்ட் எல்லாவற்றுக்கும் திருப்பிக் கேட்க ஆரம்பித்தது. மிளகு கேட்டால் எந்த மிளகு, உப்பு கேட்டால் எந்த உப்பு. கூட்டமாக இருக்கும் நேரத்தில் பணியாளர்கள் வெறுத்துப்போனார்கள். இன்னொன்றும் இருக்கிறது: டூல் குறிப்புகள் ஒவ்வொரு கேள்வியோடும் சேர்ந்து மாடலுக்குப் போகின்றன. நீளமானால் ஒவ்வொரு கேள்விக்கும் செலவு கூடும். தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் துண்டு) எடுக்கும். அதனால் இப்போது குறிப்பின் உடல் ஆங்கிலத்தில், எடுத்துக்காட்டுகள் மட்டும் தமிழிலும் மலாயிலும். விதிகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு சொல்லில் சேர்த்ததும் ஏஜென்ட் பழையபடி ஆனது. "மூன்று வேறு பொருள்களுக்கு இந்தப் பெயர் உண்டு, அதனால் கேட்கவும்" என்று எழுதினால், மிளகுக்கு அது பொருந்தாது என்று மாடலுக்கே தெரிகிறது.

இரண்டாவது, விடுமுறை நாள்களில் இவர்களைப் பிடிக்க முடியாது. தைப்பூசத்துக்கு முன்பு எங்களுக்கு உச்சக்கட்ட வியாபாரம். அன்னதானத்துக்குச் சமைப்பவர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். அந்தச் சமயத்தில் 'இருப்பு பார்' டூல் நின்றுபோனது, மறுநாள்தான் ஆள் கிடைத்தது. நாங்கள் பழையபடி கிடங்குக்குப் போய் எண்ணிச் சமாளித்தோம். விழாக்காலத்தை முன்கூட்டியே சொல்லி ஆள் ஏற்பாடு செய்ய வைக்க வேண்டும்.

மூன்றாவது, தொடக்கத்தில் கடைப் பணியாளர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. டேட்டாபேஸ் அமைப்பை வாங்கிக்கொண்டு போய் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்தார்கள். ஃபீல்டு பெயரைப் பார்த்து எழுதிய குறிப்பு ஃபீல்டு பெயரைத்தான் திரும்பச் சொல்லும். "விலை: பொருளின் விலை" என்று எழுதுவதால் யாருக்கு என்ன பயன்? அது மொத்த விலையா சில்லறை விலையா, எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) சேர்த்ததா இல்லையா, எந்த அளவுக்கு என்பதுதான் தெரிய வேண்டும். அது கல்லாவில் நிற்பவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தனைக்கும் மேல் 4 கொடுக்கக் காரணம் சோதனைத் தாள். என் வற்புறுத்தலில் தொடங்கியதுதான், ஆனால் பிறகு குழு அதை ஒழுங்காகச் செய்தது. கடையின் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களிலிருந்து உண்மையாக வந்த கேள்விகளை எடுத்தோம். வாடிக்கையாளர் பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒவ்வொரு கேள்விக்கும் எந்த டூல் எடுக்க வேண்டும், என்ன சொல் போக வேண்டும், என்ன பதில் வர வேண்டும் என்று பக்கத்தில் எழுதினோம். குறிப்பில் ஒரு சொல் மாறினாலும் அத்தனை கேள்விகளையும் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒரு முறை மலாய்ப் பெயர்களுக்கான வரியைத் திருத்தியபோது சோம்புக்கான பதில் சரியாகி, கிச்சாப் மானிஸுக்கான (இனிப்பு சோயா சாஸ்) பதில் கெட்டுப்போனது. அதற்குத் தமிழ்ப் பெயர் தேடப் போய் மாடல் ஏதோ ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டது. தாள் இல்லையென்றால் அது வாடிக்கையாளர் கேட்ட பிறகுதான் தெரிந்திருக்கும். "தமிழ்ப் பெயர் வழக்கில் இருந்தால் மட்டும்" என்று சேர்த்ததும் இரண்டுக்கும் சரியான பதில் வந்தது.

விலையைப் பொறுத்தவரை, மாதக் கட்டணம் எங்கள் அளவுள்ள கடைக்குத் தாங்கும். பெரிய மாடலுக்கு மாறவே இல்லை. முதல் நாள் போட்ட அதே மாடல்தான் இன்றும் ஓடுகிறது. புதிதாக வந்த பையன்கூட இரண்டாவது நாளிலேயே பழைய விலையைத் தேடிச் சொல்கிறான், எங்களுக்கு அது பெரிய உதவி.

பட்டியல் சின்னதாக, ஒரே மொழியில், பெயரெல்லாம் ஒழுங்காக இருக்கிற கடைக்கு இந்தச் சேவை தேவையில்லை, சாதாரணத் தேடல் பெட்டியே போதும். எங்களைப் போல மூன்று மொழிப் பெயர், பழைய மென்பொருளின் மிச்சம், கடைக்கே உரிய வழக்கு என்று கலந்து கிடப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். பேச்சு தொடங்கும்போதே, வேறு ஒரு கடைக்கு எழுதிய டூல் குறிப்பு ஒன்றைப் பெயரெல்லாம் மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒற்றை வரியாக இருந்தால் யோசியுங்கள். எப்போது எடுக்கக் கூடாது என்ற வரி அதில் இருக்கிறதா, உள்ளீட்டுக்கு எடுத்துக்காட்டு இருக்கிறதா, காலியாக வந்தால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். எழுதுகிறவர் உங்கள் கடையில் வந்து உட்காருவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதல் ஒப்பந்தத்தில் டூல் குறிப்புகள் யாருக்குச் சொந்தம் என்று எழுதவில்லை. பிரதி கேட்டபோது அது தங்கள் அமைப்பின் பகுதி என்று குழு தயங்கியது. அதில் உள்ள அறிவு முழுக்க எங்கள் பணியாளர்களுடையது. கருஞ்சீரகம் எது, காயு மானிஸ் எது என்று சொல்லிக் கொடுத்தது அவர்கள். புதுப்பித்தபோது, குறிப்புகளும் இணைச்சொல் பட்டியலும் சோதனைத் தாளும் கடைக்குச் சொந்தம், கேட்டால் கோப்பாகத் தர வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னேன். சேர்த்தார்கள், அதற்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. நீங்கள் முதல் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.